விருந்தாளி கையில் அகப்பை

(பாஸ்கா காலம் 3-ஆம் ஞாயிறு வானொலி மறையுரை. நற்செய்தி: லூக்கா 24:13-35)



இன்றைய நற்செய்தி நமக்கு நன்கு பழகிய பகுதி. எம்மாவு செல்லும் வழி. எருசலேமிலிருந்து ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தூரம். இரண்டு சீடர்கள் மனம் உடைந்து நடந்து போகிறார்கள். அவர்களில் ஒருவர் பெயர் கிளயோப்பா. வழியில் ஓர் அந்நியர் கூடச் சேர்ந்து கொள்கிறார், மறைநூலை விளக்குகிறார். ஊர் நெருங்குகிறது. அவர் இன்னும் அப்பால் போகிறவர்போலக் காட்டிக் கொள்ள, இருட்டப் போகிறதே, எங்களோடு தங்கிவிட்டுப் போங்கள் என்று இவர்கள் இருவரும் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகிறார்கள்.

இதுவரைக்கும் யார் வீட்டிலும் நடக்கக்கூடிய காரியம்தான். அடுத்து நடப்பதுதான் புதுமை. யூத வழக்கப்படி பந்தியில் அப்பத்தை எடுத்து, இறைவனைப் போற்றி, பிட்டுக் கொடுக்க வேண்டியவர் வீட்டுத் தலைவர். விருந்தாளி கையை நீட்டி வாங்கிக் கொள்ள வேண்டும். ஆனால் இங்கே விருந்தாளியாக வந்தவரே அப்பத்தை எடுக்கிறார், போற்றுகிறார், பிடுகிறார், கொடுக்கிறார். அழைத்தவர்கள் கையை நீட்டி வாங்கிக் கொள்கிறார்கள். அந்த நொடியில் அவர்களுடைய கண்கள் திறக்கின்றன.

அன்பார்ந்தவர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். கிளயோப்பா அந்த நேரத்தில், "ஐயா, நீங்கள் விருந்தாளி, சும்மா உட்காருங்கள். இது எங்கள் அப்பம், நாங்கள் பரிமாறுகிறோம்" என்று மரியாதையாகச் சொல்லித் தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உபசாரத்தில் ஒரு குறையும் இருந்திருக்காது. ஆனால் ஆண்டவரை அவர்கள் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். சாப்பிட்டு முடித்து, ஒரு நல்ல மனிதரோடு பேசினோம் என்ற நினைவோடு படுத்துத் தூங்கியிருப்பார்கள்.

விருந்தோம்பல் என்றால் வந்தவருக்கு நாம் சோறு போடுவது என்றுதான் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அது பாதிதான். வந்தவர் கையால் நாம் வாங்கிச் சாப்பிடும்போதுதான் அது முழுமை அடைகிறது. இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுத் தந்தது குருமடம் அல்ல. ஒரு ஜெர்மானியப் பாட்டியின் சமையலறைதான் கற்றுத் தந்தது. அதை இன்று உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

2001-ஆம் ஆண்டு. நான் குருவாகி மூன்றே ஆண்டுகள். மேற்படிப்புக்காக ஆயர் என்னை ஜெர்மனிக்கு அனுப்பினார். படிப்பு தொடங்குமுன் மொழி கற்க வேண்டும். அதற்காகத் தெற்கே பவேரியாவில் ஒரு சிற்றூரில், ஒரு வயதான தம்பதியர் வீட்டில் ஐந்து மாதம் தங்கினேன். பிள்ளைகள் வெளியூரில். மாடியில் ஓர் அறை எனக்கு. மகனைப் போலப் பார்த்துக் கொண்டார்கள்.

அந்த நாட்டில் சூடான சாப்பாடு பெரும்பாலும் மத்தியானம்தான். மாலையில் அடுப்பு எரியாது. கறுப்பு ரொட்டி, பாலாடைக்கட்டி, பன்றி இறைச்சித் துண்டுகள், ஊறவைத்த வெள்ளரிக்காய், இவற்றை மரப்பலகையில் வைத்துச் சாப்பிடுவார்கள். 'ஆபெண்ட்ப்ரோட்' என்று அதற்குப் பெயர். மாலை ரொட்டி என்று பொருள். வைத்ததைச் சாப்பிடுங்கள் என்று ஆண்டவர் 72 சீடர்களுக்குச் சொல்லி அனுப்பியது எனக்கு நினைவில் இருந்தது. மதுரைக்கு 1606-இல் வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளாரையும் நினைத்துக் கொள்வேன். இத்தாலியில் உயர்குடியில் பிறந்தவர், இங்கே வந்து இறைச்சியை விட்டு, சோறும் காய்கறியுமாகப் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1656-இல் நம் மயிலாப்பூரில் கண்மூடினார். அவர் நம் சோற்றை உண்ண முடியுமானால் நான் அவர்கள் ரொட்டியை உண்ண முடியாதா? உண்டேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டாம் மாதத்தில் ஓர் இரவு சோற்றுக்கு ஏங்கி, அறைக் கதவைச் சாத்திக் கொண்டு, அம்மா கொடுத்துவிட்ட சாம்பார்ப் பொடி பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, துணி சுற்றி, பெட்டியின் அடியில் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் அந்த வீட்டு அம்மா என்னிடம் கேட்டார்: "மாடியில் நேற்று என்னவோ வாசனை வந்ததே, என்ன அது?" எனக்குக் கூச்சமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். பாட்டிலைக் காட்டினேன். அவர் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த தம் சமையல் முன்றானையை எடுத்து என் கையில் கொடுத்து, "சனிக்கிழமை நீங்கள் சமையுங்கள். நாங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்" என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. நான் ஒருநாளும் சமைத்தவன் அல்ல. வீட்டில் அம்மா, குருமடத்தில் சமையல்காரர்கள், பங்கில் சமையலக்கா. தொலைபேசி அட்டை வாங்கி ஊருக்குப் பேசினேன். நான் குருவானதிலிருந்து அம்மா என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று என் கேள்விகளைக் கேட்டு அந்த மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "ஏல, புளிய எப்பம் ஊத்துவேன்னு கேக்கியே, இத்தன வருசம் எங்க வீட்டுலதான சாப்பிட்ட? பச்ச வாசன போகட்டும், அப்புறம் பருப்ப ஊத்து. தாளிக்கும்போது தள்ளி நில்லு." அட்டையில் காசு தீர்கிற வரைக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

துவரம்பருப்பு அந்த ஊரில் கிடையாது. பக்கத்து நகரத்தில் ஒரு துருக்கியர் கடையில் மைசூர்ப் பருப்பு கிடைத்தது. புளியை ஓர் ஆசியக் கடையில் கண்டுபிடித்தேன். கறிவேப்பிலைக்கு வழியே இல்லை. அரிசி பிளாஸ்டிக் பையில் வந்தது, அந்தப் பையோடு தண்ணீரில் போட்டு வேகவைக்க வேண்டுமாம். கடுகு மட்டும் அவர்கள் வீட்டிலேயே இருந்தது, வெள்ளரிக்காய் ஊறவைக்கும் மஞ்சள் கடுகு.

சனிக்கிழமை மத்தியானம் எண்ணெய் காய்ந்ததும் கடுகையும் வற்றல் மிளகாயையும் போட்டேன். அவ்வளவுதான். வீடே இருமியது. வெளியே பனி கொட்டிக் கொண்டிருக்க, எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தோம். வீட்டு ஐயா கண்ணைத் துடைத்துக் கொண்டே, "இதை வைத்து ஒரு படையையே விரட்டலாம்" என்றார். பருப்பு கரைந்து கூழாகிவிட்டது, உப்பு ஒரு பிடி அதிகம். ஆனாலும் அந்த அம்மா தட்டில் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். ஐயா நெற்றி வியர்வையைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். நான் பரிமாறினேன். அந்த மேசையில் அதுவரை அறுபது எழுபது முறை உட்கார்ந்திருப்பேன். அன்றுதான் அது என் வீட்டு மேசையும் ஆயிற்று.

பாத்திரம் கழுவும்போது நான் கேட்டேன்: "வீட்டையெல்லாம் புகையாக்கிவிட்டேனே, உங்களுக்குக் கோபம் வரவில்லையா?" அப்போது அவர் தம் கதையைச் சொன்னார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா முதலிய கிழக்குப் பகுதிகளிலிருந்து ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அப்படி 1946-இல் பொகேமியாவிலிருந்து தாயோடு வந்தவர் அவர். அப்போது வயது ஒன்பது. கையில் ஒரு பெட்டி. அதிகாரிகள் அவர்களை அந்த ஊரில் ஒரு விவசாயி வீட்டில் ஓர் அறையில் குடிவைத்தார்கள். ஒரே மொழி, ஒரே கத்தோலிக்க மறை. ஆனாலும் வீட்டுக்காரர்களுக்கு இவர்கள் வேண்டாத விருந்தாளிகள். அந்த வீட்டு அடுப்பில், வீட்டுக்காரர் வேலையெல்லாம் முடிந்து இரவு எட்டு மணிக்குமேல்தான் இவருடைய தாய் ஒரு சட்டி வைக்கலாம். ஒருநாள் எங்கேயோ கொஞ்சம் கசகசா கிடைத்து, பிள்ளைக்காக ஊர்ப் பலகாரம் ஒன்று செய்தாராம். வீட்டுக்காரப் பெண் வந்து, "இது என்ன நாற்றம்?" என்று கேட்டு ஜன்னலைத் திறந்து விட்டாராம். தாய் ஒன்றும் பேசவில்லை. அதன்பிறகு அந்தப் பலகாரத்தைச் செய்யவும் இல்லை.

"என் வீடு என்று ஒன்று அமைந்தால், வருகிறவர் யாருக்கும் அடுப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன் என்று அன்று நினைத்துக் கொண்டேன்" என்றார் அந்த அம்மா. "ஜன்னலை இன்றைக்கும் திறந்தோம். ஆனால் சேர்ந்து இருமினோம், இல்லையா?"

நேயர்களே, சமைத்துப் போடுகிறவர் தட்டில் வைப்பது சோற்றையும் குழம்பையும் மட்டும் அல்ல. தம் தாயை, தம் ஊரை, தம் மானத்தை வைக்கிறார். அதை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு வலிக்கும் என்பதற்கு நம் தமிழ் மண்ணில் பிறந்த ஒரு மேதையின் வாழ்க்கையே சாட்சி.

கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜனைத்தான் சொல்கிறேன். 1914 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் முதல் சில வாரங்கள் நெவில் என்ற பேராசிரியரின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கினார். பிறகு டிரினிட்டி கல்லூரியில் அறை கிடைத்தது. புலால் உண்ணாதவர், அதனால் அறையிலேயே தாமே சமைத்துக் கொண்டார். பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். அவர் ஒருநாள் பத்திரிகையில் வந்த கணிதப் புதிரை வாசித்துக் காட்டியபோது, இராமானுஜன் வாணலியில் எதையோ கிளறிக் கொண்டே விடையைச் சொன்னார் என்பது பலரும் அறிந்த செய்தி.

அதிகம் பேசப்படாத இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. இந்திய நண்பர் ஒருவரையும், அவருக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணையும், இன்னொரு பெண்மணியையும் ஒருநாள் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்தார். தம் கையால் சமைத்துப் பரிமாறினார். சூப்பை முதலில் வாங்கிக் கொண்டார்கள், இரண்டாம் முறையும் வாங்கிக் கொண்டார்கள். மூன்றாம் முறை அவர் பரிமாற வந்தபோது அந்தப் பெண்கள் போதும் என்று மறுத்தார்கள். பேச்சு தொடர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் இராமானுஜனைக் காணவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நண்பருக்குத் தந்தி வருகிறது, ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லி. திரும்பி வந்தபின் காரணம் சொன்னார்: தாம் பரிமாறியதை அந்தப் பெண்கள் ஏற்றுக் கொள்ளாததைத் தாங்க முடியவில்லை, கையில் இருந்த பணத்துக்கு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட்டார்.

இந்தக் கதையைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. மூன்றாம் கரண்டிக்காக ஊரைவிட்டுப் போவதா என்று. ஆனால் வெளிநாட்டில் தனியாக இருந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவருக்கு அங்கே எல்லாரும் கொடுத்தார்கள். உதவித்தொகை கொடுத்தார்கள், அறை கொடுத்தார்கள், பட்டம் கொடுத்தார்கள். அவர் திருப்பிக் கொடுக்கக் கூடியதாக, அவருடைய சொந்தக் கையால் ஆனதாக, அந்தப் பாத்திரத்தில் இருந்தது மட்டும்தான் இருந்தது. அதற்குப் போதும் என்ற பதில் வந்தபோது, நீயே போதும் போ என்று அவர் காதில் விழுந்திருக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தும் நான் தவறினேன். இந்த வானொலி வழியாக அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் தாம்பரம் எப்படிப்பட்ட ஊர்? வந்து குடியேறியவர்களின் ஊர். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கே இடம்பெயர்ந்து வந்தது. காசநோய் மருத்துவமனை, விமானப்படைத் தளம், 1984-இல் ஏற்றுமதி வளாகமான மெப்ஸ் என்று ஒவ்வொன்றும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது. நம் பங்கில் கையைத் தூக்கச் சொன்னால் பாதிப் பேர் தூத்துக்குடி, நெல்லை, நாகர்கோவில், திருச்சி, விழுப்புரம் என்பார்கள். முத்துநகர் எக்ஸ்பிரசிலும் நெல்லை எக்ஸ்பிரசிலும் அரிசி மூட்டையும் கருப்பட்டியும் கருவாட்டுப் பொட்டலமுமாக விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கியவர்கள்தானே நாம்? அந்தக் கருவாட்டைப் பொரித்ததற்காக வீட்டுக்காரர் முகம் சுளித்து, ஆறு மாதத்தில் வீடு மாறிய கதை உங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது! இன்று நாமே வீடு கட்டி வாடகைக்கு விடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில், ஒரு வீட்டு மாடியில் நாகாலாந்தைச் சேர்ந்த மூன்று இளம்பெண்கள் குடியிருந்தார்கள். அழகு நிலையத்தில் வேலை. ஞாயிறுதோறும் ஆங்கிலத் திருப்பலிக்கு வந்து கடைசிப் பெஞ்சில் உட்காருவார்கள். நன்றாகப் பாடுவார்கள். வீட்டுக்காரர் நம் பங்குக்காரர். நல்ல மனிதர். ஒருநாள் என்னிடம் வந்து, "ஃபாதர், அந்தப் பிள்ளைகள் என்னவோ சமைக்கிறார்கள், வீடு பூராவும் நாற்றம். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்" என்றார். சோயாப் பயறைப் புளிக்க வைத்துச் செய்யும் அவர்கள் ஊர்ச் சமையல் அது.

நான் போனேன். மிகவும் மென்மையாகத்தான் பேசினேன். இது குடும்பங்கள் இருக்கும் இடம், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்றேன். மூவரும் தலையைக் குனிந்து, "சரி ஃபாதர், சாரி ஃபாதர்" என்றார்கள். அவர்களில் இளையவள் ஒரு நிமிடம் தயங்கி நின்றாள். பிறகு, "ஃபாதர், ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்களேன், இன்றைக்கு வைத்திருக்கிறோம்" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னொரு நாள் பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். கடைசிப் பெஞ்சு காலியாயிற்று. அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

பல நாள் கழித்துத்தான் என் மனதில் உறைத்தது. பனிக்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து என்னோடு சேர்ந்து இருமிய அந்த அம்மாவின் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த நான், 1946-இல் இது என்ன நாற்றம் என்று கேட்ட அந்த வீட்டுக்காரியின் இடத்தில் போய் நின்றிருக்கிறேன். வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில் அனிச்சப் பூவைச் சொல்வார். முகர்ந்தால் வாடும் பூ அது. விருந்தினர் வாடுவதற்கோ நம் முகம் மாறினாலே போதும் என்பது அவர் கருத்து. நாங்கள் அந்தப் பிள்ளைகளின் சமையலை முகர்ந்தோம், முகத்தையும் மாற்றினோம்.

ஆண்டவர் எப்படி நடந்து கொண்டார்? யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்துக்குப் போவோம். உயிர்த்த இயேசு திபேரியக் கடற்கரையில் நிற்கிறார். கரி நெருப்பு மூட்டியிருக்கிறார். அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. காலை உணவு தயார். சீடர்கள் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்தால் போதும். ஆனால் அவர் என்ன கேட்கிறார்? நீங்கள் இப்போது பிடித்த மீன்களில் சிலவற்றையும் கொண்டு வாருங்கள் என்கிறார். அவரிடம் ஏற்கெனவே மீன் இருக்கிறதே! அந்த 153 மீன்களையும் வலையில் சேர்த்ததே அவர்தானே! ஆனாலும் கேட்கிறார். பேதுருவை நினைத்துப் பாருங்கள். மூன்று முறை மறுதலித்தவர், ஆண்டவர் முகத்தைப் பார்க்கக் கூசிக் கொண்டு நின்றிருப்பார். அவருக்குச் சோறு போடுவது மன்னிப்பு. அவருடைய மீனையும் கேட்டு வாங்குவது, நீ இன்னும் என் ஆள்தான் என்கிற நம்பிக்கை.

நாம் இப்போது இருக்கும் பங்கில் கடந்த ஆண்டு இதே பாஸ்கா காலத்தில் நடந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். முடிச்சூர், படப்பை, ஒரகடம் பக்கம் தங்கி வேலை செய்யும் ஒடிசா இளைஞர்கள் சிலர் நம் ஆலயத்துக்கு வருகிறார்கள். கந்தமால் மாவட்டத்துப் பிள்ளைகள். 2008-இல் அங்கே கிறித்தவர்கள்மீது நடந்த வன்முறையில் ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன, மக்கள் காடுகளில் ஒளிந்தார்கள். அந்த நாட்களில் சிறுவர்களாக இருந்தவர்கள் இவர்கள். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவர்களைக் கூப்பிட்டுப் பிரியாணி கொடுத்து, புகைப்படம் எடுத்து அனுப்பி வந்தோம். கடந்த ஆண்டு அன்பியப் பொறுப்பாளர்களிடம் சொன்னேன்: "இந்த முறை நாம் கொடுக்க வேண்டாம். பங்கு மண்டபத்துச் சமையலறைச் சாவியை அவர்களிடம் கொடுப்போம்."

அவர்கள் நம்பவே இல்லை. உண்மையாகவா ஃபாதர் என்று இரண்டு முறை கேட்டார்கள். முந்தின நாள் இரவே வந்து சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். காலையில் பருப்பும் காய்கறியும் சேர்த்து 'தால்மா' வைத்தார்கள். உருளைக்கிழங்கை வேகவைத்துப் பச்சை மிளகாய், கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்தார்கள். கீரையை வதக்கினார்கள். திருப்பலி முடிந்ததும் நம் மக்கள் வரிசையாக உட்கார, அவர்கள் பரிமாறினார்கள். அந்தத் தண்ணீர்ச் சோற்றுக்கு 'பகாளா' என்று பெயர். ஒடிசாவில் மார்ச் 20-ஆம் தேதியை அதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள். நம் பங்கின் மூத்த பாட்டி ஒருவர் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, பரிமாறிய பையனின் கையைப் பிடித்துக் கொண்டு சத்தமாகச் சொன்னார்: "எய்யா, இது நம்ம பழைய சோறுல்லா!" அவனுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் பாட்டி இரண்டாம் முறை தட்டை நீட்டியது அவனுக்கு விளங்கியது. அன்றைக்கு அவன் அழுததை நான் பார்த்தேன். அதுவரை ஐந்து கிறிஸ்துமஸ் பிரியாணி வாங்கியிருக்கிறான். ஒருநாளும் அழுததில்லை.

அன்பார்ந்தவர்களே, இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறர் வீட்டில் சமைப்பதெல்லாம் இப்படி மகிழ்ச்சியாக இருப்பதில்லை. நம் ஊர்களிலிருந்து எத்தனையோ தாய்மார்கள் குவைத்துக்கும் துபாய்க்கும் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். மூன்று வேளையும் அடுத்தவர் குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டு, அந்த மேசையில் ஒருநாளும் உட்காராமல் திரும்பி வந்தவர்கள் அவர்களில் பலர். தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் சமைக்க வருகிற அக்கா எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்? எந்த டம்ளரில் காபி குடிக்கிறார்? அவர் கையால் சமைத்ததை நாம் சாப்பிடலாம், அவர் நம் தட்டில் சாப்பிடக் கூடாது என்றால், அந்தச் சமையலறையில் எம்மாவு நடக்காது. கையில் அகப்பையைக் கொடுத்தால் போதாது, பக்கத்தில் நாற்காலியும் போட வேண்டும். திருவெளிப்பாட்டு நூலில் ஆண்டவர் கதவைத் தட்டுகிறவராக நிற்கும் காட்சியில், திறப்பவரோடு அவர் உண்பார், அவரோடு திறப்பவரும் உண்பார் என்று இரண்டு பக்கமும் சொல்லப்படுகிறது. ஒரு பக்கம் மட்டும் நடப்பது கூலி, அல்லது பிச்சை. இரண்டு பக்கமும் நடப்பதுதான் விருந்து.

நாம் ஞாயிறுதோறும் கொண்டாடும் திருப்பலியும் இதுதான். ஆலயம் யாருடைய வீடு? இறைவனுடையது. நாம் விருந்தாளிகள். ஆனால் காணிக்கைப் பவனியில் அப்பத்தையும் இரசத்தையும் யார் கொண்டு வருகிறார்கள்? நாம். நிலத்தில் விளைந்து, மனிதர் பிசைந்து சுட்ட அப்பம் அது. வானத்திலிருந்து மன்னாவைப் பொழியத் தெரிந்த இறைவன், உன் வீட்டு மாவில் செய்ததைக் கொண்டு வா என்கிறார். வாங்கிக் கொள்கிறார். அதையே தம் மகனின் உடலாக்கி நமக்குத் திருப்பித் தருகிறார். இறைவனே நம் கையால் வாங்கிக் கொள்ளத் தாழ்ந்து வருகிறார் என்றால், அடுத்த மாடியில் குடியிருப்பவர் நீட்டும் கிண்ணத்தை வாங்க நமக்கு என்ன தடை?

இந்த வாரம் நீங்கள் செய்யக் கூடியது ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் குடியிருப்பவர், உங்கள் தெருவில் தங்கியிருப்பவர், உங்களோடு வேலை செய்பவர், இவர்களில் வெளியூரிலிருந்தோ வெளிமாநிலத்திலிருந்தோ வந்த ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். அவருக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அதை நாம் எப்போதும் செய்கிறோம். "உங்கள் ஊர்ச் சாப்பாடு எப்படி இருக்கும்? ஒருநாள் எங்களுக்குச் சமைத்துத் தாருங்கள், சேர்ந்து சாப்பிடுவோம்" என்று கேளுங்கள். காரம் கூடுதலாக இருக்கலாம், வாசனை புதிதாக இருக்கலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆனால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். முடிந்தால் இரண்டாம் முறை தட்டை நீட்டுங்கள். வாடகைக்கு வீடு தருகிறவர்களே, என்ன சமைப்பீர்கள் என்று கேட்டு ஆளை அனுப்பிவிடாதீர்கள்.

என்னைப் பொறுத்தவரை, அந்த மாடிப்படியில் நான் சொன்ன வார்த்தை இன்னும் என்னோடு இருக்கிறது. அந்த மூன்று பிள்ளைகள் இப்போது எந்த ஊரில் எந்தக் கோவிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களோ, இந்தக் குரல் அவர்களை எட்டுமோ எட்டாதோ. எட்டினால், பிள்ளைகளே, ஃபாதரை மன்னித்துக் கொள்ளுங்கள். பசித்த வயிற்றோடு ஒருநாள் உங்கள் வீட்டுக்கு வர ஆசையாக இருக்கிறேன்.

மன்றாடுவோம். எம்மாவு வீட்டில் விருந்தாளியாக நுழைந்து, உம் கையால் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த ஆண்டவரே, எங்களுக்குக் கொடுக்கும் கையைத் தந்திருக்கிறீர். வாங்கிக் கொள்ளும் மனத்தையும் தாரும். எங்கள் தெருவில் வாழும் அந்நியரை ஏழை என்று மட்டும் பாராமல், எங்களுக்குக் கொடுக்க வந்தவர் என்று காணும் கண்களைத் திறந்தருளும். பிறநாடுகளில் பிறர் வீடுகளில் சமைத்து உழைக்கும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு ஒரு நாற்காலியும் ஓர் அன்புச் சொல்லும் கிடைக்கச் செய்தருளும்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் உங்கள் வீட்டு அடுப்பையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.